பூஜ்யமும் காலியிடமும்

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி இருக்கிறது. மென்பொருளில் ஒருவர் செய்யும் மாற்றத்தை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆனால் அது பத்து வரிக்குக் குறைந்த மாற்றமாக இருந்தால், படிக்க வேண்டியவர் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். அவர் ஒப்புக்கொண்டதாகக் கணினியே எழுதிக்கொண்டு, பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் போட்டுவிடும். தூங்கிக்கொண்டிருந்தாலும் டிக். கழிப்பறையில் இருந்தாலும் டிக். இந்த விதியைக் கொண்டுவந்த நாளில் கேக் வெட்டினார்கள்.

காப்பி இயந்திரத்துக்கு மேலே ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள். இந்த மாதம் யார் எத்தனை வரி சேர்த்தார்கள், எத்தனை வரி நீக்கினார்கள் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். நீக்கியவருக்குத்தான் மரியாதை. வீட்டுச் சாமான்களைத் தூக்கி வெளியே போடுகிறவளுக்கெல்லாம் மாதாமாதம் கைதட்டினால் அந்த வீட்டில் கடைசியில் என்ன மிஞ்சும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்தத் திரையில் எப்போதும் முதலிடம் ஒத்தவரிக்கு. அது அவனுடைய பெயர் அல்ல. ஆனால் அவனுக்கே பிடித்துப்போன பட்டம். ஏழு வரியில் இருப்பதை ஒரு வரியாக்குவான். அந்த ஒரு வரியை ஊசியில் நூல் கோப்பதுபோல் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டும். பேச்சும் அப்படித்தான். மனைவி போனில் ஏதோ கேட்டால் "ம்" என்பான். அவள் இன்னொன்று கேட்டால் "ம்ம்." ஒருமுறை உடன் வேலை செய்பவரின் தாயார் இறந்தபோது அனுதாப அட்டையில் எழுதும் பொறுப்பை அவனிடம் கொடுத்தார்கள். "வருந்துகிறோம். குழு." அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு எங்கள் குழுத் தலைவர், "நச்சுன்னு இருக்கு" என்றார்.

எனக்கும் ஒரு பட்டம் உண்டு. ஏனக்கா. யார் என்ன மாற்றினாலும் "இதை ஏன் மாற்றினீர்கள்?" என்று எழுதுவேன் என்பதால் வந்தது. ஒன்பது வருடம் வேலையை விட்டு வீட்டில் இருந்துவிட்டு, நாற்பத்து மூன்றாவது வயதில் திரும்பி வந்தவள் நான். ஆறு மாதம் தற்காலிகம். அதற்குப் பிறகு நிரந்தரம், அவர்கள் மனம் வைத்தால். ஒன்பது வருடத்தில் எல்லாமே மாறிப்போயிருந்தது. கேள்வி கேட்டுத்தான் கற்றுக்கொள்ள முடிந்தது. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மை இன்னொன்று. கேள்வி கேட்பவளை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

போன மாதம் குழுத் தலைவர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்க ரொம்பக் கவனமா படிக்கிறீங்க. ஆனா..." ஆனா என்ற சொல்லை அவர் தேநீரை ஆற்றுவதுபோல் நீட்டுவார். "மூணு வரி மாத்தினவனுக்குப் பதினாலு வரி கருத்து எழுதினா, அவன் அன்னைக்கு வேலையே பார்க்க மாட்டானே! சின்ன மாற்றத்துக்குச் சின்னதா சொல்லுங்க."

"சரி சார்."

"முடிஞ்சா ஒண்ணுமே சொல்லாதீங்க." சிரித்தார். சிரிப்பு முடிந்ததும், "அடுத்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமையோட உங்க ஆறு மாசம் முடியுது. பார்த்துக்குங்க" என்றார்.

அந்தப் பதினாலு வரியை இருக்கைக்குத் திரும்பி வந்து மறுபடி படித்தேன். முதல் நான்கு வரி மன்னிப்பு. அடுத்த மூன்று, நான் முட்டாள் அல்ல என்பதற்கான சான்று. பிறகு மூன்று பாராட்டு. கேள்வி பதினோராவது வரியில் இருந்தது, கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கும் ஆள்போல. ஒத்தவரியைப் பார்த்து மனத்துக்குள் நான் அத்தனை இளக்காரமாகச் சிரித்திருக்கிறேன். அவனுடைய ஒரு வரியில் அர்த்தம் ஒளிந்துகொண்டது என்றால், என்னுடைய பதினாலு வரியில் நானே ஒளிந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து கருத்து எழுதுவதைக் குறைத்தேன். இரண்டு வாரத்தில் நிறுத்தியே விட்டேன். குழுத் தலைவர் காப்பி இயந்திரத்தருகே என்னைப் பார்த்து, நல்ல பிள்ளை என்பதுபோல் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் மனம் குளிர்ந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. குளிர்ந்தது.

அந்தக் கடைசி வெள்ளிக்கு முந்தைய நாள், வியாழக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஒத்தவரியிடமிருந்து ஒரு மாற்றம் வந்தது. படிக்க வேண்டியவள் நான். ஏழு வரி நீக்கம், ஒரு வரி சேர்ப்பு. விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே சொல்: "சுத்தம்."

நாங்கள் செய்வது அழைப்பு மணிக்கான மென்பொருள். நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களில் ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் அந்த அறையின் செவிலியருக்கு மணி அடிக்கும். அவர் வராவிட்டால் சில நிமிடம் பொறுத்து, அந்தத் தளத்தில் இருக்கும் எல்லோருக்கும் அடிக்கும். எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பதை அறைக்கு அறை இல்லத்துக்காரர்களே படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் எழுதிவைப்பார்கள். எழுதாமல் விட்டால் ஐந்து நிமிடம் என்று எடுத்துக்கொள்வோம்.

பழைய ஏழு வரி இதைத்தான் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கட்டம் காலியா? அப்படியானால் ஐந்து. கட்டத்தில் பூஜ்யம் இருக்கிறதா? அப்படியானால் பூஜ்யம். வேறு எண் இருக்கிறதா? அப்படியானால் அந்த எண். ஒத்தவரியின் புது வரி சொன்னது: கட்டத்தில் இருப்பதை எடு, இல்லையென்றால் ஐந்து.

பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் பூஜ்யத்துக்கென்று ஒருவர் தனியாக வரி எழுதியிருக்கிறாரே, அது ஏன்? பல்லிடுக்கில் மாட்டிய நார்போல் அது உறுத்தியது. கருத்துப் பெட்டியைத் திறந்து எழுதினேன்: "பூஜ்யத்துக்கு ஏன் தனி வரி இருந்தது?" திரும்பப் படித்தேன். ஏன் என்ற சொல் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. அழித்தேன். "பூஜ்யம் பற்றி ஒருமுறை யோசிக்கலாமா?" என்று மாற்றினேன். இது இன்னும் மோசம், குழைந்துகொண்டு நிற்கிறது. அதையும் அழித்தேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஒரு நாள். ஒரே ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்ன?

பன்னிரண்டு பத்துக்கு என் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழுந்தது. கேட்காமலே யாரோ என் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. நானும் துடைக்கவில்லை. சாப்பிடப் போனேன்.

மாலை ஆறரை மணி. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் தங்கை ஆஸ்பத்திரி வார்டில் செவிலி, என்னோடுதான் இருக்கிறாள். வேலை முடிந்து வந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து, வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை முக்கிக்கொண்டு, தினமும் போல யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கட்டம் எழுத முடியலைக்கா அந்த மகராசிக்கு! வலி எவ்வளவுன்னு கேட்டுப் பத்துக்கு இத்தனைன்னு எழுதணும். அவ்வளவுதான் வேலை. காலியா விட்டுட்டுப் போயிட்டா. கேட்டா, 'வலியே இல்லைன்னாரு, அதான் எழுதல'ங்கிறா."

"வலி இல்லைன்னா எழுத என்ன இருக்கு?"

தங்கை என்னைப் பார்த்த பார்வையில், ஒன்பது வருடம் வீட்டில் இருந்தது, அதற்கு முன் படித்தது, எல்லாமே அடிபட்டுப்போயிற்று.

"அக்கா, நீயெல்லாம் எப்படித்தான் கம்ப்யூட்டர் படிச்சியோ! வலி இல்லைன்னா பூஜ்யம் போடணும். பூஜ்யம்னா, நான் போய்க் கேட்டேன், அவர் இல்லைன்னு சொன்னாருன்னு அர்த்தம். காலியா விட்டா, யாரும் அவர் பக்கமே போகலைன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா?"

கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது.

"மணி அடிச்சா எத்தனை நிமிஷம் பொறுக்கணும்னு ஒரு கட்டம் இருந்து, அதுல பூஜ்யம் போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"பொறுக்கவே கூடாதுன்னு அர்த்தம். உடனே எல்லாருக்கும் அடிக்கணும். தொண்டையில குழாய் போட்டவங்க இருக்காங்க இல்ல, கத்தக்கூட முடியாது அவங்களால. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் பூஜ்யம் போடுவாங்க."

"அது அஞ்சு நிமிஷம் ஆயிட்டா?"

"அஞ்சு நிமிஷத்துல அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆளுக்காகப் பெட்ஷீட்டே மாத்திடலாம்" என்றாள். பிறகு காலை வாளியிலிருந்து எடுத்தாள். "ஏன் கேட்கிற? என்ன செஞ்சு வச்ச?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் எழுதும் மொழியில் பூஜ்யத்தையும் இல்லாததாகவே கருதும் ஒரு குறி இருக்கிறது, ஒத்தவரி அதைத்தான் போட்டிருக்கிறான், அது எனக்கு இருபது வருடமாகத் தெரிந்த விஷயம் என்பதையும் சொன்னேன்.

"கேட்க வேண்டியதுதானே?"

"எழுதினேன். அழிச்சிட்டேன்."

"ஏன்?"

அந்த ஒரு சொல்லைக் கேட்கிறவருக்கு எவ்வளவு எரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நாளைக்குத்தான் நிரந்தரம் பண்றதைச் சொல்லுவாங்க..."

"ஓ, அப்படியா!" துண்டால் காலைத் துடைத்துக்கொண்டாள். "நியாயம்தான். அந்தத் தொண்டைக் குழாய்க்காரர்கிட்ட போய், 'ஐயா, எனக்கு வேலை நிரந்தரமாகிற நாள், நீங்க அஞ்சு நிமிஷம் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குங்க'ன்னு சொல்லு. நல்ல மனுஷங்க, புரிஞ்சுப்பாங்க."

புது வடிவம் எல்லா இல்லங்களுக்கும் போவது வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. வீட்டிலிருந்து அலுவலகக் கணினியைத் தொடத் தற்காலிகமானவர்களுக்கு அனுமதி இல்லை. ஒத்தவரிக்கு, "இன்றைய மாற்றத்தில் பூஜ்யம் தவறு. காலையில் பேச வேண்டும். அதுவரை அனுப்பக் கூடாது" என்று போனில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. மனிதனுக்குக் கட்டைவிரல் எதற்கு இருக்கிறது என்று இந்த அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்: பதில் சொல்லாமல் இருப்பதற்கு.

காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். முதல் வேலையாக, எல்லா இல்லங்களிலும் பூஜ்யம் எழுதிய அறைகள் எத்தனை என்று கணினியை எண்ணச் சொன்னேன். நாற்பத்தொன்று. அவன் வந்து பையைக் கழற்றுவதற்குள் அந்தப் பட்டியலை அவன் மேசைமேல் வைத்தேன்.

"என்னக்கா இது?"

"உன் வரி போனா இந்த நாற்பத்தொரு அறைக்கும் எல்லாருக்கும் அடிக்கிற மணி அஞ்சு நிமிஷம் தாமதமாகும்."

படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதிலும் சிக்கனம். பிறகு தலையை நிமிர்த்தி, "டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சே" என்றான்.

"காலிக் கட்டத்துக்கு ஒரு டெஸ்ட், பத்து நிமிஷத்துக்கு ஒரு டெஸ்ட். பூஜ்யத்துக்கு யாருமே எழுதல."

"சரி. நேத்து ஏன் சொல்லல? டிக் உங்க பேர்ல இருக்கு."

குத்தினான். குத்துவதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. டிக் தானாக விழுந்தது என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்தத் தானாக என்ற சொல் அவ்வளவு அழுக்காக இருந்தது.

"சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"ம்" என்றான். அந்த அலுவலகத்தில் நான் கேட்ட "ம்"களிலேயே அதுதான் கொஞ்சம் நீளமானது.

அதற்குள் குழுத் தலைவர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். முதலில் பட்டியலைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

"பழைய ஏழு வரியையே திருப்பிப் போட்டுடலாம்" என்றேன்.

"எதுக்கு ஏழு வரி?" ஒத்தவரி விசைப்பலகையை இழுத்தான். ஒரே ஒரு குறியை மாற்றினான். "இந்தக் குறி காலியா இருந்தா மட்டும்தான் அஞ்சு எடுக்கும். பூஜ்யத்தைத் தொடாது. முடிஞ்சுது."

பூஜ்யத்தை வைத்துப் பார்த்தேன். உடனே மணி அடித்தது. காலியாக விட்டுப் பார்த்தேன். ஐந்து. அவன் சொன்னது சரி. ஏழு வரி செய்த வேலையை அந்த ஒரு வரி அப்படியே செய்தது, அழகாகவும் செய்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் தவறாகவே இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்திருக்கிறேன்! இத்தனை நாள் சுருக்கத்தைப் பழித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது ஒரு மெத்தை நாற்காலி. அதிலிருந்து எழ மனமில்லை.

"பார்த்தீங்களா? இதுக்குப் போய் காலங்காத்தால..." என்றார் குழுத் தலைவர்.

"இன்னும் ஒரு வரி வேணும்" என்றேன்.

"எதுக்குக்கா?" ஒத்தவரி உண்மையாகவே கேட்டான்.

"நேத்துப் போட்ட குறிக்கும் இன்னைக்குப் போட்ட குறிக்கும் பார்வைக்கு என்ன வித்தியாசம்? நாளைக்கு வேற ஒருத்தர் உன்னை மாதிரியே சுத்தம் பண்ண வருவாரு. இங்க எதுக்கு இந்தக் குறி, வழக்கமான குறியே போதுமேன்னு மாத்துவாரு. பழைய ஏழு வரி வேலை மட்டும் செய்யல. இங்க பள்ளம் இருக்குன்னு சொல்லிட்டும் இருந்துச்சு. நீ பள்ளத்தை மூடாம பலகையைப் பிடுங்கிட்ட."

"குறிப்பு எழுதினா வரி கூடும்."

"கூடட்டும். திரையில உனக்கு ஒரு மார்க் குறையும். செத்துப்போக மாட்ட."

குழுத் தலைவர் இருமினார். ஒத்தவரி விசைப்பலகையை என் பக்கம் தள்ளினான். "நீங்களே எழுதுங்க. பதினாலு வரி எழுதிடாதீங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மன்னிப்பும் சான்றும் பாராட்டும் வரவில்லை. அவற்றுக்கு இடமே இல்லை. எழுதினேன்:

"பூஜ்யம்: உடனே அடி, இவரால் கத்த முடியாமல் இருக்கலாம். காலி: இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை."

அவன் படித்தான். என் முற்றுப்புள்ளி ஒன்றை நீக்கப் போய், கையை எடுத்துக்கொண்டான். பூஜ்யத்துக்கு ஒரு டெஸ்ட்டையும் அவனே எழுதிச் சேர்த்தான், நான் கேட்காமலே. இந்த முறை டிக்கை நானே போட்டேன். பதினொரு மணிக்குப் புது வடிவம் எல்லா இல்லங்களுக்கும் போயிற்று.

இரண்டு மணிக்கு ஒரு கூட்டம். இப்படி மறுபடி நடக்கக் கூடாது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். மௌனமாக இருந்தாலே ஒப்புதல் என்ற விதியைத் தூக்கிவிடலாம் என்று சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கடைசியில், பத்து வரிக்குக் குறைந்த மாற்றம் என்று இருந்ததை எட்டு வரிக்குக் குறைந்த மாற்றம் என்று திருத்தினார்கள். ஏழு வரி நீக்கி ஒரு வரி சேர்த்தால் எட்டு. ஆகவே நேற்றைய மாற்றம் இனிமேல் தப்பாது. மேசையைத் தட்டிப் பாராட்டிக்கொண்டார்கள். நல்லவேளை, கேக் இல்லை.

நான்கு மணிக்குக் குழுத் தலைவர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு ஒரு உறையைத் தந்தார்.

"படிச்சுப் பாருங்க. பிரச்சினை ஒண்ணும் இல்ல. படிச்சேன்னு கீழே கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க."

மூன்று பக்கம். முதல் பக்கம் முழுக்க நிறுவனத்தின் விழுமியங்கள். இரண்டாவது பக்கத்தில் என் கவனத்தையும் ஈடுபாட்டையும் மெச்சிக்கொள்ளும் மூன்று பத்தி. "இன்றைய நிகழ்வில் தாங்கள் ஆற்றிய பங்கு குறிப்பிடத்தக்கது, எனினும்" என்று ஒரு வாக்கியம் தொடங்கி ஒன்பது வரி ஓடியது. மூன்றாவது பக்கத்தின் நடுவில், கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கும் ஆள்போல, விஷயம் இருந்தது: என் தற்காலிகக் காலத்தை மேலும் மூன்று மாதம் நீட்டித்திருக்கிறார்கள்.

காரணம் எங்கேயும் இல்லை. காரணம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. மூன்று பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் சுத்தம் செய்திருந்தார்கள்.

ஒரு நிமிடம் எனக்குப் பழைய ஆசை வந்தது. கையெழுத்துப் போட்டுவிடலாம். மூன்று மாதம்தானே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் தொண்ணூறு நாள் தொண்ணூறு டிக்காக ஓடிவிடும். அல்லது உட்கார்ந்து ஒரு நீண்ட பதில் எழுதலாம். எனக்கு அது நன்றாக வரும். நேற்று நானும் காலியாக விட்டவள்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். அதுதான் காரணம் என்றால் அதையாவது எழுதட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

குழுத் தலைவர் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். "என்ன யோசனை? சின்ன விஷயம்தானே."

பேனாவை வாங்கி, மூன்றாம் பக்கத்தின் அந்தக் காலியிடத்தில் எழுதிக் கடிதத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். கையெழுத்துப் போடவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். படிக்க அதிக நேரம் ஆகவில்லை, ஒரே சொல்தான் எழுதியிருந்தேன்:

"ஏன்?"